நீலத் திரையும் காற்றுப் படுக்கையும்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நான் பள்ளிக்கூட வேலையை விட்டேன். கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தபடியே தஞ்சாவூரில் உள்ள டியூஷன் சென்டர்களுக்குக் கேள்வித்தாள் தயாரித்துக் கொடுக்கலாம் என்று ஒரு தோழி வழி சொன்னாள். யோசித்து, டைப் அடித்து, முக்கோணமும் வட்டமும் வரைந்து மெயிலில் அனுப்பவேண்டும். அதற்காகக் கூடத்து ஜன்னலோரத்தில் ஒரு கம்ப்யூட்டர். அம்மா உள் அறையில், முதுகில் புண் வராமலிருக்கப் போட்ட காற்றுப் படுக்கையில். அதன் மோட்டார் இரவும் பகலும் முனகிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு வலது பக்கம் வராது. பேச்சு வரும், ஆனால் அவளுக்குத் தோன்றினால்தான்.

தங்கை சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூடத்துக் கம்ப்யூட்டரில்தான் வீடியோவில் வருவாள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சமயத்தில் அவள் லீவு போட்டு வந்து, கேமரா மாட்டி, எல்லாம் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பேச்சு அரை மணி நேரம் நடக்கும். அதற்கு முன்னால் நான் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் போட்டு, சலவை நைட்டி மாட்டி, தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

"அம்மா முகம் தெளிவா இருக்குக்கா. நீ நல்லாப் பாத்துக்கிற" என்பாள்.

அவள் போனதும் அம்மாவைத் திரும்பத் தூக்கிப் படுக்கையில் போடும்போது எனக்கு இடுப்பு விட்டுப்போகும்.

அந்த ஐப்பசியில் மழை நிற்கவில்லை. கொல்லைப்பக்கத்து வயலில் நட்ட சம்பா நாற்று நுனி மட்டும் தெரிய நின்றது. ஒரு மாலை கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்காதீர்கள் என்று திரையில் எழுதியிருந்தது. நான் அம்மாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கூடத்தில் யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரி சில நிமிடந்தான் தாங்கும் என்று தெரியும். ஆனால் அம்மாவை ஒருக்களித்துப் பிடித்திருந்தேன். ஒரு கையை எடுத்தால் அம்மா உருண்டுவிடுவாள். நான் வருவதற்குள் கத்தல் நின்று திரை கறுத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு அது எழவே இல்லை. பொத்தானை அமுக்கினால் பழுது பார்க்கிறேன் என்று சொல்லும், கொஞ்ச நேரம் புள்ளிகள் சுற்றும், நீலத் திரை வரும், பழுது பார்க்க முடியவில்லை என்று சொல்லும். மறுபடி அமுக்கினால் மறுபடி அதே.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் வந்து பார்த்தார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார், தெருவில் அவ்வளவு தண்ணீர்.

"ஃபார்மேட் அடிச்சிடலாம் மேடம். புதுசு மாதிரி ஓடும்."

"உள்ள கேள்வித்தாள் எல்லாம் இருக்குங்க."

"அதுக்குச் சொல்ல முடியாதுங்க மேடம். திங்கக்கிழமை கடைக்கு எடுத்தாங்க, பாக்கலாம்."

திங்கட்கிழமை நான் அரையாண்டுக் கேள்வித்தாள்களை அனுப்பியாகவேண்டும். பதறியிருக்கவேண்டும். ஆனால் எனக்கு முதலில் தோன்றியது, சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை நாற்காலிக்கு மாற்றவேண்டாம் என்பதுதான். அந்த நினைப்பில் உடம்பே கொஞ்சம் லேசானது.

சனிக்கிழமை தங்கையிடம் போனில் சொன்னேன்.

"ஃபார்மேட்டா? யாரையும் தொடவிடாதே" என்றாள். "நான் வந்தப்போ இமேஜ் எடுத்து வச்சேன்ல?"

"என்ன இமேஜ்? போட்டோவா?"

"போட்டோ இல்லக்கா. கம்ப்யூட்டர் அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே முழுசா ஒரு காப்பி. கறுப்பு டிஸ்க்ல இருக்கும். கூடவே ஒரு பென்டிரைவ், ரிப்பேருக்குன்னு. எங்க வச்ச?"

எங்கே வைத்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும். பீரோவைக் கலைத்து, பரணில் ஏறி, கடைசியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வைக்கும் அட்டைப்பெட்டியில் கிடைத்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே, டிஸ்கும் பென்டிரைவும் ஒரு பழைய துணியில் சுற்றியிருந்தன. வேறு யாரும் வைத்திருக்க முடியாது, நான்தான் வைத்திருக்கவேண்டும்.

ஞாயிறு காலை மாதாகோயில் பூசை ஒலிபெருக்கியில் கேட்டது. அம்மா படுத்ததிலிருந்து நான் பூசைக்குப் போவது அபூர்வம். பங்குச் சாமியார் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வந்து அம்மாவுக்கு நன்மை, அந்த நற்கருணை அப்பம், கொடுத்துவிட்டுப் போவார். அன்றைக்கு எனக்கும் சேர்த்து. ஜன்னல் வழியாகப் பாட்டைக் கேட்டபடி ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் பிஸ்கட் டின்னை வைத்து, டின்னில் போனைச் சாய்த்தேன். தங்கைக்குக் கம்ப்யூட்டர் திரை தெரியவேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் உள் அறை வாசலும் கொல்லைக்குப் போகும் நடையும் தெரிந்தன. அது தெரிகிறது என்று அப்போது நான் நினைக்கவில்லை.

கறுப்பு டிஸ்கையும் பென்டிரைவையும் செருகி, அவள் சொன்ன பொத்தானை அமுக்கிக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒரு நீல மெனு வந்தது.

"கேள்வித்தாளை எங்க சேவ் பண்ணுவ?"

"டெஸ்க்டாப்லதான். கண்ணு முன்னாடி இருந்தாத்தானே தேட வேண்டாம்."

"அப்ப மொதல்ல அதை வெளிய எடுக்கணும். இமேஜைப் போட்டா டெஸ்க்டாப்பும் பழைய டெஸ்க்டாப்பா ஆயிடும்."

திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொல்லி, அதில் நோட்பேட் என்று அடிக்கச் சொன்னாள். வெறும் நோட்பேட். அதில் ஃபைல் திறக்கப் போனால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. சி டிரைவ் இருக்கவேண்டிய இடத்தில் வேறு எழுத்து இருந்தது. "அது அப்படித்தான் மாத்திக் காட்டும், பயப்படாதே" என்றாள். என் கேள்வித்தாள் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாய்க் கண்ணில் பட்டபோது, செத்துப்போயிட்டார் என்று சொன்ன ஆள் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் காப்பி எடுத்துக் கறுப்பு டிஸ்கில் போட்டேன். உடனே எல்லாம் உறைந்துவிட்டது.

"நின்னுடுச்சுடி."

"நிக்கல. எவ்வளவு ஆச்சுன்னு அது காட்டாது. தொடாம இரு."

தொடாமல் இருப்பதற்குள் அம்மா கூப்பிட்டாள். போனேன். துணி மாற்றி, துடைத்து, இடது பக்கம் திருப்பிப் போட்டு, முதுகுக்கு எண்ணெய் தடவி, நனைந்த விரிப்பை வாளியில் திணித்துக் கொல்லைக்கு எடுத்துப்போய், தண்ணீர் மோட்டார் போட்டு, அலசி, மழையில் எங்கே காயப்போடுவது என்று நடையில் கட்டிய கயிற்றிலேயே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, எங்க போன இவ்வளவு நேரம்?"

"அம்மாவுக்கு."

காப்பி முடிந்திருந்தது. இரண்டு மூன்று ஃபைலைத் திறந்து பார்க்கச் சொன்னாள், பார்த்தேன். பிறகு அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம். ஒவ்வொரு வாயும் விழுங்கிவிட்டாளா என்று பார்த்துத்தான் அடுத்த கரண்டி கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் புரை ஏறும். வந்தேன். மாத்திரை பொடித்துக் கொடுக்கும் நேரம். போனேன். மறுபடி திருப்பிப் போடும் நேரம். முதலில் ஒவ்வொரு தடவையும் எங்கே போன, எங்கே போன என்று கேட்ட தங்கை பிறகு கேட்கவில்லை. நான் வந்து உட்காரும்வரை போனில் அவள் முகம் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கேமராவில் இதில் எதுவும் வந்ததில்லை.

மதியத்துக்கு மேல் இமேஜைத் தேர்ந்தெடுத்தோம். அம்மா வீட்டுக்கு வந்த வருஷத்துத் தேதி போட்டிருந்தது. இந்த டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. என் விரல் மவுஸ்மேல் நின்றது.

"ஃபைல் எல்லாம் வெளிய வந்தாச்சா? பாத்தல்ல?"

"பாத்தேன்."

"அப்ப அமுக்குக்கா. நடுவுல மட்டும் நிக்கக் கூடாது, நின்னா முழுசும் போயிடும்."

அமுக்கினேன். ஒரு பச்சைக் கோடு இடது ஓரத்தில் முளைத்தது. சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம்வரை ஆகலாம் என்று கீழே எழுதியிருந்தது.

கோடு பாதியைத் தாண்டியிருக்கும், வெளியே காற்று சுழற்றி அடித்தது. எங்கோ கிளை முறிகிற சத்தம். கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். கத்தியது. வைஃபை போனதில் தங்கையின் அழைப்பும் அறுந்தது. யு.பி.எஸ். தாங்குவது சில நிமிடந்தான். இன்வெர்ட்டர் லைன் உள் அறைக்கு மட்டுந்தான் இருந்தது, அம்மாவின் மின்விசிறிக்கும் விளக்குக்கும் படுக்கை மோட்டாருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து அங்கே செருகி, ஒயரை வாசல்படி தாண்டி இழுத்துவந்து, யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கி அதில் மாட்டினேன். கம்ப்யூட்டர் உயிரோடிருந்தது. ஆனால் உள்ளே இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. பழைய பேட்டரி, பாரம் தாங்கவில்லை. விளக்கை அணைத்தேன். கத்தியது. மின்விசிறியை அணைத்தேன். நின்றது.

தங்கை திரும்பக் கூப்பிட்டாள், என் போன் டேட்டாவில் எடுத்தேன்.

"என்ன ஆச்சு? இருட்டா இருக்கு?"

"கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர்ல ஓடுது. ஃபேனை நிறுத்திட்டேன்."

"அம்மாவுக்கு வேர்க்குமேக்கா. விட்டுடு. கம்ப்யூட்டர் போனாப் போகட்டும், ஃபேனப் போடு."

"போனாப் போகட்டுமா? நாளைக்குக் கேள்வித்தாளை யாரு அனுப்புவா, நீயா? நடுவுல நின்னா முழுசும் போயிடும்னு நீதானே சொன்ன?"

நான் அந்தக் குரலில் பேசியிருக்கவேண்டாம். ஆனால் வேறு குரல் அப்போது என்னிடம் இல்லை. போனை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவின் அறை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து அம்மாவுக்கு விசிறினேன். மழை நாளென்றாலும் ஜன்னலைச் சாத்திய அறை புழுங்கியது. வலது கை வலித்தபோது இடது கை. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கூடத்தில் பச்சைக் கோடு தெரிந்தது. நகர்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"சின்னவ வந்திருக்காளா?" என்றாள் அம்மா திடீரென்று.

காலையிலிருந்து தங்கையின் குரல் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"போன்லம்மா."

"சாப்பிட்டாளா?"

நான் சொல்வதற்குள் ஜன்னல் திட்டிலிருந்து தங்கையே உரக்கச் சொன்னாள். "சாப்பிட்டேம்மா."

"கொழம்பு ஊத்திக் குடு அவளுக்கு" என்றாள் அம்மா என்னிடம். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தேன், தங்கை கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் சேர்ந்து அழுதிருக்கலாம். விசிறிக்கொண்டிருந்ததால் அழவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் வந்தது. மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தால் கோடு நிறைந்திருந்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. நீலத் திரை வரவில்லை. பாஸ்வேர்டு கேட்டது. போட்டேன், தப்பு என்றது.

"பழைய பாஸ்வேர்டுக்கா. அப்ப நான் வச்சது."

அவளுக்கே அது ஞாபகம் வரக் கொஞ்ச நேரமாயிற்று. வீட்டில் முன்பு இருந்த மாட்டின் பேரிலிருந்து எதையெதையோ முயன்று, கடைசியில் அம்மாவின் பிறந்த வருஷத்தைச் சேர்த்ததும் திறந்தது. நான் ஃபைல்களை டிஸ்கிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டேன். எல்லாம் இருந்தன. மூலையில் ஒரு பெட்டி எட்டிப்பார்த்தது. அப்டேட் செய்ய நிறைய இருக்கிறது, இப்போதே செய்யலாமா என்று கேட்டது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு நின்றதும் அவள் சொன்னாள்:

"இனிமே ஞாயித்துக்கிழமை அம்மாவைத் தூக்கிட்டு வராதே. போனை எடுத்துட்டு நீ அவங்ககிட்ட போ. நான் அப்படியே பாத்துக்கிறேன்."

"ம்."

"இவ்வளவு இருக்குன்னு நீ சொல்லவே இல்லியேக்கா."

"நீ கேக்கல."

"கேட்டேன். ஒவ்வொரு வாரமும் எப்படி இருக்கேன்னு கேட்டேன். நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ."

அதுவும் உண்மைதான். நான் கேள்வித்தாளை முடிக்க உட்கார்ந்தேன். திங்கள் காலை அனுப்பினேன். ஒரு முக்கோணத்தில் கோணத்தின் அளவு தப்பு என்று சென்டரிலிருந்து போன் வந்தது.

தங்கை கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தாள், பொங்கல்வரை இருந்தாள். முதல் நாள் அம்மாவை ஒற்றை ஆளாகத் திருப்பப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எப்படிப் பிடிக்கவேண்டும், எந்தக் காலை முதலில் மடிக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். அவள் இருந்தபோதே, மாதாகோயில் தெருவிலிருந்து ஓர் அம்மாள் காலை வேளைக்கு வர ஒப்புக்கொண்டார். புது இன்வெர்ட்டர் பேட்டரி வந்தது. பேக்கப் எடுக்கவும் கற்றுக்கொண்டேன். மாதம் ஒருமுறை எடு என்றாள். எடுக்காமல் விட்ட மாதங்களும் உண்டு.

அவள் வந்த இரண்டாம் வாரம், "நீ எங்கயாவது போயிட்டு வா, சாயங்காலம்வரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்று என்னைத் துரத்தினாள். தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு டீ குடித்தேன். துணிக்கடை வாசல்வரை போய்த் திரும்பினேன். பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற போகிற பஸ்களின் பலகையை வாசித்துக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கண்டக்டர் ஒருவர், "எந்த ஊருக்கும்மா போகணும்?" என்று எழுப்பினார். சொன்னேன். "அந்த வண்டி போயிடுச்சேம்மா, அடுத்தது லேட்டாகும்" என்றார். பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பக் கண்ணை மூடினேன்.