முழுகாமல் இருக்கிறாள்

இண்டூருக்குப் பக்கத்தில் அந்த வீட்டில் இன்றைக்கும் தூரமான பெண் மூன்று நாளும் மாட்டுக் கொட்டகை ஓரத்துச் சாய்ப்பில்தான் பாய் போட வேண்டும். மருமகள் கலைமதி மாசியிலிருந்து அங்கே போகவில்லை. மாமியார் தீர்த்தம்மாள் ஆனி வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பால் ஊற்றப் போன இடத்தில் சொல்லிவிட்டாள்: "எம்மருமவ முழுகாம இருக்கறா."

பக்கத்து வீட்டுக் காசியம்மாள் மடி நிறைய மாங்காயோடு வந்தாள்.

"எனக்குத் தெரியாம மறைச்சிட்டியேடி! புளிப்புக் கேக்குதா, மண்ணு திங்கச் சொல்லுதா?"

கலைமதி சிரித்து வைத்தாள். கர்ப்பம் பார்க்க மருந்துக்கடையில் வாங்கிய பட்டையில் இரண்டு முறையும் ஒற்றைக் கோடுதான்.

மகள் பிறந்தபின், அடுத்தது கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்று வீட்டுக்குத் தெரியாமல் மூன்று மாத ஊசி போட்டுக்கொண்டவள் அவள். தை மாதம் காய்ச்சலில் மகள் போய்விட்டாள். இன்னொன்று வேண்டும் என்று ஊசியை நிறுத்தினாள். அதுவரை துளித்துளியாகப் பட்டுக்கொண்டிருந்த தூரமும் அதோடு நின்றுபோயிற்று.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் சகாயமேரி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "ஊசி மருந்து ஒடம்ப வுட்டுப் போக மாசக்கணக்கு ஆவும். சிலருக்கு வருசங்கூட ஆவும். கர்ப்பப்பைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எதுக்கும் டாக்டரம்மாகிட்ட ஒருக்காக் காட்டிடலாம். வூட்ல உண்மையச் சொல்லிடு."

"சொன்னா, வவுத்தப் பூட்டிக்கிட்டு வந்தவம்பாங்க நர்ஸம்மா. அவருக்கு வேற பொண்ணு பாக்க அத்தைக்கு ஒரு நாள் போதும்."

சகாயமேரி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள்.

ஆடி பிறந்ததும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க நாள் குறித்தார்கள். ஓசூர்க் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வருவதாகக் கணவன் மாதேஷ் போனில் சொன்னான். அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை மகள் போனபின் அவள் கேட்டதில்லை. இனி எப்படி நிறுத்துவது? வழி ஒன்றுதான் தெரிந்தது: தூரமானதாகக் காட்டிக்கொள்வது. மறுநாள் விடிந்ததும் பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு சாய்ப்பில் போய் உட்கார்ந்தாள்.

சாணி அள்ள வந்த தீர்த்தம்மாள் கூடையைக் கீழே போட்டாள்.

"அய்யோ! கரைஞ்சிடுச்சா?"

கலைமதி இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. இல்லை என்றால் ஊசியைச் சொல்ல வேண்டும். ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ரெண்டும் போச்சே! எம்புள்ள என்ன பாவம் பண்ணான்!" கிழவி மாரில் அடித்துக்கொண்டு தெருவைக் கூட்டினாள். மாதேஷுக்குப் போன் போயிற்று. ஸ்பீக்கரில் அவன் அழுவது சாய்ப்பு வரைக்கும் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் தீர்த்தம்மாள் சுக்கும் கருஞ்சீரகமும் காய்ச்சிக் கொண்டுவந்தாள். தூரமானவளைத் தொடாத அந்தக் கை அன்றைக்கு அவள் முதுகைத் தடவியது.

"குடிச்சிடு கண்ணு. மிச்சம் மீதி வவுத்துல தங்கிடக் கூடாது. அடுத்த மாசம் சரியா வந்துரும்."

தங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. வருவதற்கும் இல்லை. அடுத்த மாதமும் இந்தப் பாயை எடுத்துக்கொண்டு இங்கேயேதான் வந்தாக வேண்டும். கலைமதி கசாயத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்து வைத்தாள்.