வெளியேறாத மருந்து

மலேசியாவின் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டிய ரோகிணியைப் பிள்ளைகள் ‘வேன் ஆன்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளையின் காலணி வார் கழன்றிருந்தால்கூட இறங்கிவந்து மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். அவள் தினமும் லித்தியம் மாத்திரை போடுவது கணவன் முகுந்தனுக்கு மட்டுமே தெரியும்.

மகன் பிறந்தபின் வந்த நோய் அது. நாள்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். பேய் பிடித்திருக்கிறது என்று உறவினர்கள் கோயில் கோயிலாக இழுத்துப்போனார்கள். கடைசியில் மருத்துவமனையில் கொடுத்த லித்தியம்தான் அவளை நிலைக்குக் கொண்டுவந்தது. இரத்தத்தில் அது கொஞ்சம் குறைந்தாலும் பயனில்லை, கொஞ்சம் கூடினாலும் விஷம். அதனால் அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்த நோய் தெரிந்தால் யாரும் பிள்ளையை வேனில் ஏற்றமாட்டார்கள் என்று ரோகிணி வாயைத் திறக்கவே இல்லை.

சென்ற வருடம் முதுகுவலி வந்தது. பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாள். முகப்பில் பெயர் பதிய உட்கார்ந்திருந்தவள் லெட்சுமி; அவளுடைய மகள் ரோகிணியின் வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள்.

“வேற ஏதும் மருந்து சாப்பிடுறீங்களா, அக்கா?”

“இல்ல லா,” என்றாள் ரோகிணி.

கொடுத்த வலி மாத்திரையில் முதுகு தேவலையானது. ஆனால் சில நாளில் கை நடுங்கியது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். தண்ணீர்கூட வயிற்றில் தங்காதபோதும் லித்தியத்தை விடவில்லை. விட்டால் பழைய நோய் திரும்பிவிடும் என்ற பயம். ஒரு மதியம் பள்ளி வாசலில் வேனை நிறுத்தி இறங்கியவள் தள்ளாடி விழுந்தாள். பேச முயன்றபோது நாக்கு குழறியது.

“குடிச்சிருக்கா போல,” என்றார் ஒருவர். இன்னொருவர் கைப்பேசியில் படம் பிடித்தார்.

மருத்துவமனையில் அவளுடைய இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரித்தார்கள். மருந்தாளர் ஹாஜிரா முகுந்தனை உட்காரவைத்துப் பேசினாள்.

“நிறைய மருந்துங்களக் கல்லீரல் உடைச்சிரும், அண்ணே. லித்தியத்த உடைக்க முடியாது. ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் போயிட்டு, அப்படியே கிட்னி வழியாத்தான் வெளிய வரணும். அந்த வலி மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தக் குறைச்சிருச்சு. அப்புறம் வாந்தியில தண்ணியும் உப்பும் போயிருச்சு. உப்பு கொறஞ்சா கிட்னி அத வெளிய விடாது. லித்தியமும் உப்பு மாதிரிதான், அதையும் சேத்துப் புடிச்சி வச்சிக்கிச்சு.”

“அவ ஒரு மாத்திரகூட அதிகமாப் போடலையேம்மா.”

“போடல, அண்ணே. வெளிய போறதுதான் கொறஞ்சிருச்சு.”

“இப்ப மெஷின்ல எடுத்தாச்சுல்ல? சரியாயிரும்தானே?”

“ரத்தத்துல இறங்கிருச்சு. மூளைக்குள்ள போனது மெதுவாத்தான் வெளிய வரும். அதுக்குள்ள அங்க ஆன சேதம்...” ஹாஜிரா முடிக்கவில்லை.

அந்தச் சேதம் ஆறவில்லை. ரோகிணி சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசுகிறாள். லித்தியத்தை இனிக் கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். மாற்றுமருந்து எதுவும் இதுவரை பலன் தரவில்லை. பல நாள் எழுந்திருக்காமல் கிடக்கிறாள். பிள்ளைகளை வேறொருவர் ஏற்றிப்போகிறார். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

ஒருநாள் முகுந்தன் நடந்ததையெல்லாம் அந்தக் குழுவுக்கு எழுதி, அனுப்புமுன் அவளுக்குப் படித்துக் காட்டினான்.

“அனுப்பவா? நீ குடிக்கலன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.”

அவள் சொல் சொல்லாக இழுத்துச் சொன்னாள்.

“வேணாங்க. பைத்தியம்னு தெரிஞ்சா நம்ம பையனையும் அப்படித்தான் பார்ப்பாங்க. குடிகாரின்னே இருந்துட்டுப் போறேன்.”

முகுந்தன் எழுதியதை அழித்தான். பிறகு தேத்தண்ணி கலந்து எடுத்துவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.