திண்டுக்கல்லில் கடல் இல்லை

இன்று காலை உடுத்த எடுத்த வெள்ளைச் சட்டையின் தோளில் திட்டுத்திட்டாக நீலம். "செத்த நல்லாக் கலக்கிட்டு முக்குனா என்ன?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். "இம்புட்டு வெவரம் பேசுறவரு நீங்களே முக்குங்க" என்றாள். நியாயம்தான். ஆனால் சொட்டு நீலத்தின் மேல் எனக்குள்ள எரிச்சல் சட்டையோடு முடிவதில்லை.

திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்த முதல் வருடம். எட்டாம் வகுப்பில் செல்வி என்றொரு பெண், அகரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். ஓயாமல் கேள்வி கேட்பாள். "வானம் ஏன் சார் நீலமா இருக்கு?"

"கடல் நீலமா இருக்குல்ல, அது மேல தெரியுது" என்றேன், ஏதோ நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தவன் மாதிரி.

"நம்மூர்லதான் கடலே இல்லையே சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவளை வெளியே நிற்க வைத்தேன். இப்போது நினைத்தாலும் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

அன்று மாலை புத்தகத்தைப் புரட்டினால், கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. காற்று அதில் நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கிறது. அதனால்தான் எந்தப் பக்கம் அண்ணாந்தாலும் நீலம். கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் சில துளி பால் விட்டு இருட்டில் டார்ச் அடித்தால், பக்கவாட்டில் லேசாக அதே நீலம் தெரியுமாம். செய்து காட்டி, நான் சொன்னது தப்பு என்று அவளிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் ஜன்னல்களை மூடி டார்ச்சைப் போட்டால், தொட்டி முழுக்க வேட்டி அலசும் வாளி மாதிரி அடர் நீலம். உதவியாளர் முருகேசன் அண்ணன் என் காதோரம் குனிந்தார். "பாலு விட்டுப் பாத்தேன், நீலமே சரியாத் தெரியல. புள்ளைக முன்னாடி நீங்க அசிங்கப்படக் கூடாதுன்னு ரெண்டு சொட்டு துணி நீலம் விட்டேன் சார்." அந்த மனுஷரை என்ன செய்ய? நல்ல மனசு, அதுதான் கொடுமை.

செல்வி விரலை விட்டுப் பார்த்தாள். "இது எங்கம்மா வேட்டிக்குப் போடுற நீலம் சார்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "போய் உக்காரு" என்றேன்.

அடுத்த வாரம் புதுத் தண்ணீரில் ஒழுங்காகச் செய்து காட்டினேன். என் தப்பையும் சொன்னேன். செல்வி நோட்டில் எழுதிக்கொண்டாள். அதன்பின் இரண்டு வருடம் என் வகுப்பில்தான் இருந்தாள், நல்ல மார்க்கும் வாங்கினாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.