ஏழிலேயே கிளம்பிய ராக்கெட்

என் கணவருக்குக் கள்ளக்குறிச்சியில் உரக்கடை. யூரியா, பொட்டாஷ், பூச்சி மருந்து எல்லாம் விற்பார். ஆனால் அவரைக் கேட்டால், அவர் உரக்கடைக்காரர் அல்ல. உரக்கடையில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கும் ராக்கெட் விஞ்ஞானி. கல்யாணமான வாரத்திலேயே இதை என்னிடம் சொல்லிவிட்டார். பிளஸ் டூவில் இயற்பியலில் அவர்தான் பள்ளிக்கூடத்தில் முதல். அவருடைய அப்பா மட்டும் கடைக்கு ஆள் இல்லை என்று கூட்டிக்கொண்டு வந்து கல்லாவில் உட்கார வைக்காமல் இருந்திருந்தால், நாடு இந்நேரம் எங்கேயோ போயிருக்குமாம். டிவியில் ராக்கெட் கிளம்பும் நாட்களில் கடை மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.

"ரெண்டாவது கட்டம் பிரியும்போது லேசா ஒரு ஆட்டம் இருந்துச்சி, கவனிச்சியா?" என்பார்.

எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, "கவனிச்சேங்க" என்பேன்.

என் தம்பி பெங்களூரில் இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் வந்து இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போவான். அவர் அறுபது முடித்த அன்று, சித்திரை வெயிலில், கையில் ஒரு நீளமான பெட்டியோடு வந்தான்.

"இன்னா மச்சான், டியூப் லைட்டா?"

"ராக்கெட், மாமா. பாகமெல்லாம் உள்ள இருக்குது. நீங்களே ஒட்டி நீங்களே விடலாம். தீபாவளி ராக்கெட்டு மாதிரி இல்ல, நெஜமாவே ஒசக்கப் போவும்."

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை. இத்தனை வருடமாக அப்பா மேல் போட்டுவைத்திருந்த பழி, திடீரென்று அட்டைப் பெட்டியில் அடைத்து அவர் மடிக்கே வந்துவிட்டது. சுற்றிலும் சொந்தக்காரர்கள் வேறு. "அட, இதுல இன்னா இருக்குது!" என்று சிரித்து வைத்தார்.

பெட்டியில் கையளவு தடிமனில் அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, பிளைவுட்டில் வெட்டிய நான்கு இறக்கைகள், ஒரு சின்ன நைலான் பாராசூட், செய்முறைப் புத்தகம் எல்லாம் இருந்தன. எரிந்து மேலே தள்ளுகிற மோட்டார் மட்டும் இல்லை. மற்ற பாகங்களைப் போல அது கூரியரில் வராது, விடுகிற அன்றைக்குத் தானே எடுத்துவருவதாகத் தம்பி சொன்னான். இந்த மோட்டாரால் கடையில் ஒரு குழப்பம். இவர் பெருமையாகப் பேசும்போதெல்லாம், "எத்தினி ஹெச்.பி.ங்க?" என்று விவசாயிகள் கேட்பார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்குவார். கேட்டுவிட்டு, "போர்ல தண்ணி எடுக்காதா அப்போ?" என்பார்கள்.

செய்முறைப் புத்தகமெல்லாம் விஷயம் புரியாதவர்களுக்குத்தான் என்று சொல்லி அதை என்னிடம் கொடுத்துவிட்டார். காற்றில் பசை கோணும் என்று கூடத்தில் மின்விசிறி போடத் தடை. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வந்தவர்களெல்லாம் வேர்த்துக் கொட்டிக்கொண்டு காபி குடித்தார்கள். முதல் இறக்கையைத் தலைகீழாக ஒட்டினார். புத்தகத்தைப் பார்த்து நான் சொன்னதற்கு, "அது வெளிநாட்டுக் காத்துக்குப் போட்ட படம்" என்றார். மறுநாள் காலையில் பிளேடால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காதது போல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

குழாயின் நடுவில் கயிறு கட்டி, தலைக்கு மேல் சுற்றிப் பார்க்க வேண்டும், மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் ராக்கெட் நேராகப் போகும் என்று புத்தகத்தில் இருந்தது. வெளியில் போய்ச் சுற்றச் சொன்னேன். கூடத்திலேயே சுற்றினார். கயிறு கையை விட்டு நழுவி, அது நேராகப் போய் மாமனார் படத்தில் மோதியது. கண்ணாடிதான் உடைந்தது. வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை.

கடைசியில் பாராசூட்டில் வந்து நின்றார். "இத்தினூண்டு துணி எப்டி தாங்கும்? பெருசா ஒண்ணு தெச்சிக் குடு."

"பெருசா இருந்தா காத்துல அடிச்சிக்கினு போயிடும்னு போட்டிருக்குதுங்க."

"மெதுவா எறங்கும்டி. பூ மாதிரி."

பழைய குடைத் துணி இரண்டைப் பிரித்து, கறுப்பில் ஒரு பெரிய பாராசூட் தைத்துக் கொடுத்தேன். தையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

விட இடம் வேண்டுமே. கீழே தியாகதுருகம் பக்கமெல்லாம் கரும்பும் மின்கம்பியும். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் கடையில் உரம் வாங்கும் ஒருவர், சாமை அறுத்த வெறும் நிலம் இருக்கிறது, வந்து விடுங்கள் என்றார். கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் தம்பி அனுமதி கேட்டு வைத்தான். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் காற்று எழுமுன் விட்டுவிடுவது என்று முடிவானது. நாங்கள் மூன்று பேர் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு.

இவர் கடையில் இரண்டு பேரிடம் சொன்னார். அந்த இரண்டு பேருக்கும் செல்போன் இருந்தது. ஞாயிறு காலை எங்கள் ஜீப்புக்குப் பின்னால் இவருடைய உர வியாபாரிகள் சங்கத்தார் இரண்டு வேனில் மலை ஏறினார்கள். நிலத்து முனையில் ஒரு பேனர். அதில் இவர் கோட்டு சூட்டோடு நின்றார். கோட்டு இவருடையதில்லை, கழுத்துக்குக் கீழே உடம்பும் இவருடையதில்லை. பின்னால் நிலா. மேலே "விண்வெளி நாயகனே" என்று எழுதியிருந்தது.

"இத்த யாரு வெக்க சொன்னது?" என்று கோபப்பட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, பேனரைக் கொஞ்சம் நேராக இழுத்துக் கட்டச் சொன்னார்.

நிலத்துக்காரர் ராக்கெட்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எங்கங்க போவுது இது?"

"மேல போவும்," என்றார் இவர்.

"அப்பறம்?"

"பாராசூட் விரிஞ்சி கீழ வரும்."

"வந்து?"

இவர் யோசித்தார். "வந்துடும்."

"அப்ப இங்கியே இருந்திருக்கலாமேங்க," என்றார் அவர். கிண்டலாக அல்ல, நிஜமான அக்கறையோடு.

சங்கத் தலைவர் பேச ஆரம்பித்தார். வெங்காய விலையில் தொடங்கி விண்வெளிக்கு வந்து சேர வெகுநேரமானது. அதற்குள் காற்று எழுந்துவிட்டது. தம்பி என் காதில், "அக்கா, பேச்சு முடியறதுக்குள்ள பேனரே பறந்துடும்" என்றான். பிறகு எல்லோரையும் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வைத்து, பேட்டரியோடு இணைத்த பொத்தான் பெட்டியைத் தலைவர் கையில் கொடுத்தான். "பத்துலேந்து எண்ணுவோங்க. சைபர் சொன்னதும் அமுக்குங்க."

அமுக்குமுன் ஒரு போட்டோ எடுக்கவேண்டும் என்றார் யாரோ. ராக்கெட் பின்னால் தெரியும்படி மொத்தக் கூட்டமும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. நடுவில் என் கணவர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி. போட்டோ எடுத்துக்கொண்டே எண்ணினால் நேரம் மிச்சமாகும் என்று தலைவரே எண்ணத் தொடங்கினார். அவருக்குத் தியாகதுருகத்தில் ஒரு காதுகுத்து இருந்தது.

"பத்து... ஒம்போது... எட்டு... ஏழு..."

ஏழிலேயே அமுக்கிவிட்டார்.

பெரிய தார்ப்பாயை ஒரே இழுப்பில் கிழித்தது போல ஒரு சத்தம். நான் போட்டோவுக்கு நிற்காமல் ஜீப் பக்கம் தனியாக இருந்தேன். அதனால் பார்த்தேன். ஊசி நூலை இழுத்துக்கொண்டு துணிக்குள் ஏறுவது போல, வெள்ளையாக ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு அது ஏறியது. என் கூடத்தில் இத்தனை மாதம் கிடந்த அட்டைக் குழாய் அது என்று நம்ப முடியவில்லை. இதைக் கிண்டல் செய்வதற்கென்றே நான் மலை ஏறியிருந்தேன்.

இவர் திரும்பியபோது புகைதான் இருந்தது. அந்தப் போட்டோ இன்றும் சங்கத்தில் மாட்டியிருக்கிறது: பின்னாலிருந்து யாரோ அடித்தது போல அத்தனை பேரும் தோளைக் குறுக்கி, கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார்கள்.

மேலே கறுப்பாகக் குடை விரிந்தது. விரிந்ததும் காற்றோடு கிளம்பி, பூ மாதிரியே, மெதுவாக, அடுத்த மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் காதுகுத்துக்குப் போனார். வேன்களும் போயின.

இவரும் நானும் தேடிக்கொண்டு நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் இவர், "நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேங்க."

"எப்டி போச்சி?"

"நேரா போச்சிங்க."

"அவ்ளோதானா?"

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் காட்டில் ஒரு பெண் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். ராக்கெட்டை வேலியில் சாய்த்து வைத்திருந்தார். ஒரு இறக்கை உடைந்திருந்தது. பாராசூட்டைத் துவைத்த துணி போல மடித்து வைத்திருந்தார்.

"உங்களுதுங்களா? வானத்துலேந்து கொடை வருதே, புடிச்சிக்கினு வர்ற ஆளக் காணமேன்னு பாத்துகினே இருந்தங்க."

"மொதல்லேந்து பாத்தீங்களா?" என்றார் இவர்.

"சத்தம் கேட்டு நிமுந்தங்க. வெள்ளையா ஏறுச்சி. ஏறி, நின்னுச்சி. ஒரு மூச்சு விடற நேரம் அப்டியே நின்னுச்சிங்க. எனக்கே பயமா போச்சி, வுழுந்துடுமோன்னு. அப்பறம் டப்புனு கொடை விரிஞ்சிச்சி."

"நின்னுச்சா?"

"ஆமாங்க, நின்னுச்சி."

இவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தபா சொல்லுங்க," என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

அடுத்த ஒரு மாதம் கடையில் இவர் அந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. "ஏறி, நின்னுச்சி பாரு" என்று கையைத் தூக்கி நிறுத்திக் காட்டுவார். தானே பார்த்தது போலத்தான் சொல்வார். ஆனால் என் எதிரில் மட்டும் சொல்ல மாட்டார்.

பங்குனியில் ஒருநாள் தம்பிக்குப் போன் செய்தார். "மச்சான், இன்னொரு மோட்டார் எடுத்துக்கினு வா. யாருகிட்டயும் சொல்லாத. நானும் சொல்லல." இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு ஆச்சரியம். புத்தகத்தை அவரே என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, உடைந்த இறக்கையை ஒட்டினார். பெட்டியில் வந்த சின்ன பாராசூட்டை மடித்து வைத்தார்.

அதே நிலம். நாங்கள் மூவரும் நிலத்துக்காரரும் மட்டும். பொத்தானை என் கையில் கொடுத்துவிட்டு, இவர் கயிற்றுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சைபர் வரை எண்ணி அமுக்கினேன். இந்த முறை நான் ராக்கெட்டைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தேன். தலை மேலே மேலே நிமிர்ந்து போயிற்று. வாய் திறந்திருந்தது. கண்ணாடி வழுக்கி விழப்போனதுகூடத் தெரியவில்லை.

ராக்கெட் பக்கத்திலேயே இறங்கியது. "சரியா வந்துடுச்சிங்களே," என்றார் நிலத்துக்காரர். இவர் போய் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

மலை இறங்கும்வரை ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பிக்குக் கவலையாகிவிட்டது. கச்சிராயபாளையத்தில் டீக்கு நிறுத்தினோம். கிளாஸைக் கொடுத்தபடி டீக்கடைக்காரர், "இன்னாங்க அது, கையில?" என்று கேட்டார்.

இவர் கிளாஸைக் கீழே வைத்தார். "உக்காருங்க, சொல்றேன்" என்றார்.

தம்பியும் நானும் இன்னொரு டீ சொன்னோம்.