வெள்ளைக்கட்டையும் கறுப்புக்கட்டையும்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை என் மாமாவின் காது தப்பே செய்யாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. உளுந்தூர்பேட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்துவந்தார். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, கச்சேரியும் இல்லை. ஆர்மோனியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மாமா எங்கள் ஊருக்கு நடந்தே வந்துவிட்டார். கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போன அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார்.

மாமாவுக்குப் பொழுது போகவில்லை, நான் அகப்பட்டேன். ஆர்மோனியத்தில் ஒரு நேரத்தில் ஒரு கட்டையைத்தான் அமுக்க வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, மூன்றைச் சேர்த்து அமுக்கக் காட்டினார். கட்டைவிரல் ஒரு வெள்ளைக்கட்டையில். ஒன்று விட்டு அடுத்ததில் நடுவிரல். இன்னும் ஒன்று விட்டுச் சுண்டுவிரல். ச, க, ப மூன்றும் ஒரே மூச்சில் எழுந்தன. சண்டை போடும் என்று நினைத்தேன், போடவில்லை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அதற்கு மேஜர் கார்ட் என்று பெயர் சொன்னார். பிறகு என் நடுவிரலை மட்டும் பிடித்து, இடப்பக்கம் ஒட்டியிருந்த கறுப்புக்கட்டைக்கு நகர்த்தினார். மற்ற இரண்டு விரல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனாலும் சாப்பாட்டிலிருந்து யாரோ பாதியில் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. அது மைனர். எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நிற்காததால் வெள்ளை, கறுப்பு என்றே வைத்துக்கொண்டேன்.

இதை வைத்து ஒரு ஆட்டம். மாமா கொல்லைப்பக்கம் கரும்புத்தோட்டத்துக்குள் போய்விடுவார். நான் அமுக்க, அவர் அங்கிருந்தே எதுவென்று கத்த வேண்டும். மோட்டார் ஓடினாலும், மாடு கத்தினாலும், அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை. எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது.

அதற்குள் ஊரில் போலீஸ்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்துவிட்டது. மரம் வெட்டினவனா இல்லையா என்று பார்க்காமல் வயசுப்பையன்களை வேனில் ஏற்றுகிறார்களாம். பகலிலேயே கதவுகள் சாத்திக் கிடந்தன. அம்மா தாளிக்கும் சத்தத்துக்குக்கூடப் பயந்தாள். மாமா பகல் முழுக்கக் கரும்புக்குள்ளேயே இருந்தார். ஆட்டம் நீண்டுபோனதில் எனக்கு மட்டும் சந்தோஷம். அம்மா அதற்குப் புதுச் சட்டம் ஒன்று போட்டாள்.

“வெளியாளு யாரு வூட்டுக்கு வந்தாலும் கறுப்புதான் அமுக்கணும். நான் சொல்ற வரிக்கும் வெள்ளையத் தொடக்கூடாது. தெரிதா?”

ஏன் என்று கேட்டதற்கு, ஆட்டம் அப்படித்தான் என்றாள்.

மறுநாள் மத்தியானம் நான்கு போலீஸ்காரர்கள் பூட்ஸோடு உள்ளே வந்தார்கள். நான் சட்டப்படி துருத்தியை இழுத்துக் கறுப்பை அமுக்கினேன். ஒருவர் பரண்மேல் லத்தியால் தட்டினார். இன்னொருவர் நெல் மூட்டைகளைப் புரட்டினார். உன் தம்பி எங்கே என்று கேட்டபோது, திருக்கோவிலூர் போனவன் திரும்பவில்லை என்று அம்மா சொன்னாள். அம்மா பொய் சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை.

தோட்டத்திலிருந்து “கறுப்பு” என்று குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாமா அங்கே இல்லையோ, செத்துக்கித்துப் போய்விட்டாரோ என்று பயம் வந்தது. அந்தச் சத்தம் வேறு என் கையிலிருந்தே புறப்பட்டு வீடு முழுக்க நிறைந்து என்னையே பயமுறுத்தியது. பூட்ஸ்காலும் அதுவும் சேர்ந்து என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் வாசல் தாண்டிக்கொண்டிருந்தார்கள். என் நடுவிரல் தானாக நகர்ந்து வெள்ளைக்கு வந்தது.

எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அம்மா பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டாள். அதற்குள் கரும்புச் சோகை சரசரத்தது. மாமா வியர்த்த தலையைத் துவட்டியபடி கொல்லைக்கதவு வழியாக உள்ளே வந்து, அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வாசலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மாமா ஓடவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

பல நாள் கழித்துப் போலீஸ் விட்டு அவர் திரும்பி வந்தபோது வலது கையில் துணி சுற்றியிருந்தது. நான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா என்னோடு சரியாகப் பேசி அத்தனை நாளாயிருந்தது. மாமாதான் என்னைக் கூப்பிட்டு ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார வைத்தார்.

“இன்னாத்துக்கு அழுதுக்கினு கீற? அன்னிக்கி நீ கறுப்புதான் அமுக்குன பாப்பா. எனக்குத்தான் வெள்ளையாட்டம் கேட்டுச்சி.”

எனக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது. சந்தோஷத்தில், துணி சுற்றிய அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. மாமாவின் காதைத் தோற்கடித்துவிட்டேன் என்று பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு மாதம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பக்கத்தில் யார் இருந்தாலும் மாமா மறுத்துப் பேசமாட்டார். ஆமாம், இவளிடம் நான் தோற்றுவிட்டேன் என்பார்.