இரண்டாம் மாடி பாத்ரூமில் சிகரெட் வாசனை

தொண்ணூறுகளின் தொடக்கம். செம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான்தான் பிளம்பர். ஒரு நாள் காலை இரண்டாம் மாடி வசந்தா டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

“லீக் இல்லப்பா. தினமும் காலைல பாத்ரூம்ல சிகரெட் வாசனை வருது. பையனுக்கு வீசிங். புகையே ஆகாதுங்கறார் டாக்டர்” என்றார்.

பக்கத்தில் நின்ற கணவர், “நான் விட்டு ரெண்டு வருஷமாச்சு. சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீயாவது கண்டுபிடிச்சு சொல்லு” என்றார்.

தண்ணீர்க் கசிவைத் தேடிப் பழகியவன் நான். புகையைத் தேடியதில்லை. ஆர்வம் பிடித்துக்கொண்டது.

முதலில் தரையில் கழிவுநீர் இறங்கும் டிராப்பைப் பார்த்தேன். தண்ணீர் நின்றது, அதன் வழியே வாசனை ஏறாது. அடுத்து வென்டிலேட்டர். அதற்குப் பின்னால், எல்லா மாடிக்கும் பொதுவாகப் பைப்புகள் இறங்கும் டக்ட். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்தேன். புகை வெளியே போகவில்லை, வீட்டுக்குள் வளைந்தது. ஏன் என்று புரியவில்லை. அந்த நேரம் டீச்சர் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினார். புகை நேராக நின்றது.

“டீச்சர், இன்னொரு தபா ஃபேன போடுங்க!”

போட்டார். மறுபடியும் உள்ளே வளைந்தது. தாளிப்புப் புகையை வெளியே தள்ளுகிற ஃபேன், டக்ட்டிலிருந்த காற்றை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

சிகரெட் யாருடையது? டீச்சர் வீட்டுக்கு மேலே மொட்டைமாடிதான், அந்த டக்ட்டை ஒட்டிக் கீழே இரண்டு வீடுகள். முதல் மாடிக்காரர்கள் எலிக்குப் பயந்து வென்டிலேட்டரைப் பலகையால் அடைத்திருந்தார்கள். மிச்சம் தரைத்தளம். அங்கே ரிட்டயரான ரயில்வே கிளார்க் ஒருவர் இருந்தார்.

“ஆமாம்பா, நான்தான். வீட்ல பேத்தி இருக்கா. அவளுக்கு ஆகாதேன்னுதான் பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பிடிக்கறேன்.”

“அது மேல ஒரு புள்ளைக்குப் போவுது சார்.”

அவர் நம்பவில்லை. அவர் பாத்ரூமில் ஒரு கத்தை ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, அவரை மேலே அழைத்துப் போனேன். டீச்சர் வீட்டு பாத்ரூமில் அதே ஊதுபத்தியின் மல்லிகை வாசனை. கூடத்தில் பையன் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பெரியவர் அவனையே பார்த்தார்.

“என் பேத்தி வயசு” என்றார்.

டீச்சர் கணவரைப் பார்த்து, என் எதிரிலேயே, “சாரிங்க” என்றார்.

அந்த மாத அசோசியேஷன் கூட்டத்தில், பாத்ரூமிலும் படிக்கட்டிலும் புகைக்கக் கூடாது என்று தீர்மானம் வந்தது. “என் வீட்ல நான் பிடிக்கறதை யார் கேக்கறது?” என்று ஒருவர் எகிறினார். பெரியவர்தான் எழுந்தார்: “வீடு உங்களுது சார். டக்ட் எல்லாருதும்.”

ஒரு வீட்டில் வாசனை வந்தால், ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன் காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்க வேண்டும். இதை எனக்கு எந்த மேஸ்திரியும் சொல்லித் தரவில்லை.