கருகிய ஆட்டுக்குட்டி

கிறிஸ்துமஸ் குடிலுக்காக மகள் பாலிமர் களிமண்ணில் முதன்முதலாகச் செய்த ஆட்டுக்குட்டியைச் சுட்டு இறுக்க ஓவனில் வைத்துவிட்டு, வேலை அலுப்பில் கண்ணயர்ந்துவிட்டேன். கருகும் பிளாஸ்டிக் நாற்றம்தான் எழுப்பியது.

அம்மாவின் நாற்றம் அது. அண்டி ஆபீசில் நாள் முழுக்க முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்து, ஓட்டை பிளாஸ்டிக் குடத்தின்மேல் பழைய வாளித்துண்டை வைத்து, அடுப்பில் காய்ச்சிய கத்தியால் உருக்கி ஒட்டுவாள். நான் மூக்கைப் பொத்துவேன்.

"ஏட்டி, நாத்தம் போவும். தண்ணி நிக்கும்லா?"

ஒருநாள் கத்தியை அழுத்தியபடியே உறங்கிப்போனாள். குடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. எங்களிடம் இருந்த ஒரே குடம்.

"ஒறங்கிட்டியாம்மா?" என்று கத்தினேன். அம்மா இன்னும் பெரிய துண்டாக வெட்டினாள்.

மகள் கருகிய ஆட்டுக்குட்டியோடு வந்து நின்றாள்.

"ஒறங்கிட்டியாம்மா?"

புதுக் களிமண்ணைப் பிரித்துப் பிசையத் தொடங்கினேன்.